காதில் தொங்கிய விலை அட்டை

என் இடது காது மடலில், கம்மல் போடும் துளைக்கு ஒரு நெல்லளவு மேலே, சின்னத் தடிப்பு ஒன்று இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது துளை போட்டு மூடிக்கொண்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் அரை மணி நேரம் கதை சொல்ல வேண்டியிருக்கும், கேட்டவருக்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வேலம்பாளையத்தில் குடியிருந்தோம். வீட்டை ஒட்டினாற்போல் தகரக்கூரை போட்ட ஒரு ஷெட். அதில் அப்பா அயர்னிங், பேக்கிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். பெரிய கம்பெனிகளில் தைத்து முடித்த பனியன்கள் மூட்டை மூட்டையாக வரும். தேய்த்து, மடித்து, விலை அட்டை குத்தி, உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அட்டை குத்துவதற்கு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி உண்டு. அதன் முனையில் ஊசி இருக்கும். அட்டையை ஊசியில் கோத்து, துணியில் வைத்து விசையை அழுத்தினால், டக்கென்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நரம்பு துணியைத் துளைத்து மறுபக்கம் மாட்டிக்கொள்ளும். அப்புறம் இழுத்தாலும் வராது. அதை டேக் கன் என்பார்கள். திருப்பூரில் அதைத் தொடாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு.

தம்பிக்கு நாலு வயது. அவனுக்கு ரத்தம் எளிதில் உறையாது. ஹீமோபிலியா என்ற பெயரை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். அம்மா அதை ‘நம்ம சங்கதி’ என்பாள். ஒன்றரை வயதில் விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டான். மூன்று நாள் ரத்தம் நிற்காமல் கசிந்தபோதுதான் சங்கதி தெரிய வந்தது. அதன்பிறகு வீட்டில் கூர் உள்ள பொருட்கள் எல்லாம் பரண் ஏறின. பிசிறு வெட்டும் கத்தரி, அரிவாள்மனை, என்னுடைய காம்பஸ் பெட்டி எதுவும் தப்பவில்லை. அப்பா வேஸ்ட் பனியன் துணியை எட்டு மடிப்பாக மடித்துத் தைத்து அவனுக்கு முழங்கால் உறை, முழங்கை உறை, தலைக்கு ஒரு தொப்பி எல்லாம் செய்து மாட்டியிருந்தார். தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தால் ஆளே போய்விடுவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கப்பலேறத் தயாரான பார்சல் மாதிரி அவன் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தான். அவன் தும்மினால் வீடே எழுந்து நிற்கும். நான் தும்மினால் தும்மியதோடு சரி.

ஒருமுறை வாடகை சைக்கிளிலிருந்து விழுந்து இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்துவிட்டது. மண்ணைத் தட்டாமல், ரத்தத்தைத் துடைக்காமல், அப்படியே நொண்டிக்கொண்டு அம்மாவிடம் காட்டப் போனேன். தம்பியின் கணுக்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் திருப்பி ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

“உனக்கென்ன கண்ணு, ஆறிரும்” என்றாள்.

ஆறித்தான் போயிற்று. அதுதான் எனக்குக் கோபம். பல் விழுந்தபோதும் உனக்கென்ன. பூனை பிறாண்டியபோதும் உனக்கென்ன. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா பஸ் ஏறும் நாட்களில், நானும் வருகிறேன் என்று அழுதால் அதற்கும் உனக்கென்ன. அந்த நாட்களில் நான் ஷெட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். பேக்கிங் அக்கா ஒருத்தர் வேலைக்கு வருவார், மதுரைப் பக்கத்துக்காரர். அவர் அவ்வப்போது பெட்டியைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கா என்று கேட்பார். இருக்கிறேன் என்பேன். நாள் முழுக்க என்னிடம் யாராவது பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தம்பியோடு விளையாட அவர்கள் வீட்டில் விடுவதில்லை. தள்ளிவிட்டுப் பழியாகிவிடுமே என்று பயம். அப்படியே என்னோடு விளையாடுவதையும் விட்டுவிட்டார்கள்.

போதாததற்குக் காது வேறு. எங்கள் வீட்டு முறைப்படி உடன்பிறந்த பிள்ளைகளுக்கு ஒரே நாளில், குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மாமா, அம்மாவின் தம்பி, கொமரலிங்கத்தில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறந்தபோதே அவர் ஒரு ஜோடிக் கம்மல் வாங்கி வைத்தார். அடுத்த பிள்ளையும் பிறக்கட்டும், சேர்த்தே குத்திவிடலாம் என்றார்கள். தம்பி பிறந்ததும் மாமா அவனுக்கும் ஒரு ஜோடிக் கடுக்கன் வாங்கினார். காது குத்த நாள் பார்ப்பதற்குள் சங்கதி தெரிந்துவிட்டது. அவனுக்கு ஊசி பட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, நாலாம் வகுப்பில் என் ஒருத்திக்கு மட்டும் மூளிக்காது. பெண் பிள்ளைகள் வரிசையில் நின்றால் டீச்சர்கூட ஒரு நொடி என் காதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமா வரும்போது, என் மடி எத்தனை நாளைக்குத்தான் காத்திருக்கும் என்று தொடையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். அந்த வருடம் சிரிக்காமல் கேட்டார்: பையனுக்கு முடியாது, சரி, புள்ளைக்காவது குத்திவிடலாமே. அப்பாவும் ஆமாம் போட்டார். அம்மா மட்டும் முறை மாறக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். வேறு எந்த முறையையும் அவள் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தம்பிக்குக் கிடைக்காத எதுவும் எனக்கும் கிடைக்காது என்று முடிவு செய்துகொண்டேன்.

அரையாண்டுப் பரீட்சை லீவில் ஒருநாள் அம்மாவே என்னையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். தம்பியைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சி செய்ய ஒரு புது டாக்டர் வந்திருந்தார். தென்காசிப் பக்கம், சின்ன வயது. அதுவரை எல்லோரும் இந்த நோய் ஆண்பிள்ளைகளுக்குத்தான், பெண்கள் அதைச் சுமந்துகொண்டு போகிறவர்கள் மட்டும்தான், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த டாக்டருக்கு மட்டும் அதில் சந்தேகம். இந்தச் சங்கதி உள்ள வீடுகளில் அம்மா, அக்கா, தங்கை எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு பெரிய தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவருக்குக் கறுப்பு அடைத்தார். தம்பி ஒரு கறுப்புச் சதுரம். அம்மாவின் அண்ணன் இன்னொரு கறுப்புச் சதுரம், குறுக்கே ஒரு கோடு. அப்படி ஒரு பெரிய மாமா இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஏழு வயதில், ஆடின பல்லைப் பிடுங்கிவிட்டு, ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாராம். கொமரலிங்கத்து மாமா வெள்ளைச் சதுரம். அம்மாவின் வட்டத்துக்கு நடுவில் மட்டும், நோயைச் சுமக்கிறவர் என்பதற்கு அடையாளமாக, ஒரு புள்ளி வைத்தார். பொட்டு வைத்த முகம் போல அழகாக இருந்தது. என் வட்டம் காலி. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அப்பா வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டார். “நூல்ல கொறையா, மிசின்ல கொறையாங்க டாக்டரம்மா?”

டாக்டர் சிரித்துவிட்டு, இது யார் தப்பும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அம்மா, “நூலு எங்கூட்டுதுங்க” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அம்மாவின் கையில் ரத்தம் எடுத்தார்கள். அடுத்தது நான்தான் என்று சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமே இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் என்னையும் ஒருவர் உட்காரச் சொல்லி, கையைப் பிடித்து, குழாயில் பெயர் எழுதி வைக்கப் போகிறார் என்று சந்தோஷமாக இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாப்பாவோட ரத்தமும் கொடுத்தா நல்லதும்மா என்றார்.

“அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. அவ நல்லாத்தான இருக்கறா. அவள உட்ருங்க” என்றாள் அம்மா.

டாக்டர் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் சட்டைக் கையை அவளே இறக்கிவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவிநாசி தாண்டும்வரை நான் யாரோடும் பேசவில்லை. நான் பேசாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

அந்த வாரமே தம்பிக்கு முழங்கால் வீங்கியது. அம்மா விடியற்காலை பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா பத்து மணிக்கு வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். பேக்கிங் அக்கா டீ குடிக்கப் போனார். ஷெட்டில் நானும் டேக் கன்னும் மட்டும்தான். அதை எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள், ஆனால் அது தம்பியின் உயரத்துக்கு எட்டாத உயரம்.

வெறும் நரம்பு குத்தினால் கம்மல் மாதிரி இருக்காதே என்று ஒரு விலை அட்டையையும் கோத்துக்கொண்டேன். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான பனியன், அட்டையில் ஒரு சிரிக்கும் யானைப் படம். சுவரில் சாத்தியிருந்த உடைந்த கண்ணாடியில் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். வலித்தது. ஆனால் கண்ணைத் திறந்தபோது என் காதில் யானை ஆடிக்கொண்டிருந்தது. வலது காதுக்குத் துணிச்சல் வரவில்லை. கசிந்த ரத்தத்தை வேஸ்ட் துணியால் துடைத்தேன், கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. தலையை ஆட்டி ஆட்டி ரசித்தேன். முறையாம் முறை.

பேக்கிங் அக்கா வந்ததும் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டேன். தட்டிக் கேட்டார், இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், விரல் சிவந்துவிட்டது. நின்ற ரத்தம் மறுபடி வர ஆரம்பித்திருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. வேகமாக இல்லை, மெதுவாக, ஒரே சீராக. ஒவ்வொரு துணியாகச் சிவக்கச் சிவக்கப் பெட்டியின் மூலையில் போட்டுக்கொண்டே இருந்தேன். திட்டு விழுமே என்று பயந்தேன். வேறு எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

மதியம் இரண்டு மணிவாக்கில் அம்மா வந்தாள். தம்பி தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் துணி மூட்டைமேல் இறக்கிவிட்டு, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிவந்த துணிகள். திரும்பி ஓடினாள். தம்பியின் தொப்பியைக் கழற்றினாள். உறைகளைக் கழற்றினாள். வாயைத் திறந்து பார்த்தாள், தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள், உள்ளங்காலைப் பார்த்தாள். அவன் தூக்கம் கலைந்து அழ ஆரம்பித்தான். நான் காதைப் பொத்திக்கொண்டு பெட்டியிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனோ காலையிலிருந்து அவள் தோளில்தான் இருந்திருக்கிறான். துணிகள் கிடந்ததோ என் பெட்டியில். இருந்தும் அந்த ரத்தம் என்னுடையதாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என் வாழ்க்கையில் அதைவிடத் தனியாக நான் எங்கும் நின்றதில்லை.

“அம்மா, அது என்னோடது” என்றேன்.

அம்மா திரும்பினாள். நான் கையை எடுத்தேன். யானை ஆடியது. அடி விழும் என்று நினைத்தேன். அவள் என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணை, கால் தரையில் இழுபட. ஐஸைத் துணியில் சுற்றிக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். ஐந்து நிமிடம். கையை எடுத்துப் பார்த்தாள், கசிந்தது. மறுபடி அழுத்தினாள். பத்து நிமிடம். அரை மணி நேரம். என்னை அணைத்தபடி அவள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள், எனக்கு அது தாலாட்டுகிற மாதிரி இருந்தது. தம்பி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தான், அவள் திரும்பவில்லை. கடிகார முள் இன்னும் மெதுவாக நகரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அப்பா வந்ததும், “ஏனுங்க, வண்டியத் திருப்புங்க” என்று மட்டும் சொன்னாள். தம்பியைப் பேக்கிங் அக்காவின் கையில் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து அவனை அவள் இன்னொருவர் பொறுப்பில் விட்டது அதுதான் முதல் தடவை. நான் வேனின் முன்சீட்டில் அம்மா மடியில், விலை அட்டை தொங்கத் தொங்கக் கோயம்புத்தூர் போனேன். பிடுங்க அவளுக்குப் பயம். நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, இந்தப் பாப்பா ஏற்றுமதிக்கா உள்ளூருக்கா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நரம்பை வெட்டி எடுத்து, மருந்தில் நனைத்த பஞ்சை வைத்துக் கட்டி, மாத்திரை கொடுத்தார்கள். தென்காசி டாக்டர் வந்து என் கையில் ரத்தம் எடுத்தார். குழாயில் என் பெயரை எழுதினார். இந்தத் தடவை அம்மா கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

காதுகுத்து பிறகு இரண்டு வருடம் கழித்து அந்த ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. எனக்கும் தம்பிக்கும் முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டு நர்ஸ் குத்தினார். மாமா சும்மா விடுவாரா? புது வேட்டியும் தேங்காய்பழத் தட்டுமாகக் கொமரலிங்கத்திலிருந்து வந்து, வார்டு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் வரிசையாக மடியில் வாங்கிக்கொண்டார். ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியதால் அப்பா பின்னால் நின்று அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முறை மாறாமல் ஒரே நாளில்தான் நடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று எங்கள் இருவர் காதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

அதற்கு முன்னால், ரத்தம் எடுத்து இரண்டு வாரம் கழித்து, ரிசல்ட் வாங்கப் போனோம். டாக்டர் பழைய தாளை எடுத்து விரித்தார். உறைவதற்கு வேண்டிய சத்து எனக்கும் குறைவாகத்தான் இருக்கிறது, தம்பி அளவுக்கு மோசம் இல்லை என்றார். பெண்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது சரியில்லை, பெரிய மனுஷி ஆகும்போதும், பின்னால் பிரசவத்தின்போதும் கவனமாக இருக்க வேண்டும், பாப்பாவுக்கும் நோய் விவரம் எழுதின ஒரு கார்டு போட்டுத் தருகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே, கேள்விக்குறியை அடித்துவிட்டு, என் வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

எனக்குப் புல்லரித்தது. என் வட்டமும் அம்மாவின் வட்டமும் இப்போது அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. தம்பிகூட அப்படி இல்லை, அவன் சதுரம். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தம்பிக்கு எத்தனையோ தடவை ரத்தம் கொட்டியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அழுதாள்.

“அவ குத்தாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதுங்களா?”

தெரியாமல் இருந்திருந்தால் பின்னால் பெரிய ஆபத்தாகியிருக்கும்மா, இப்போதே தெரிந்தது நல்லதுதான் என்றார் டாக்டர்.

“அது சரிங்க. ஆனா இன்னும் கொஞ்ச வருசம் தெரியாமயே இருந்திருக்கலாமுங்க.”

எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. அண்ணனையும் மகனையும் ஒரே ரத்தத்தில் பார்த்தவளுக்கு, என் உடம்பில் ஓடுவது என்ன என்று கேட்கவே பயம் என்பதும், காதுகுத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டது தம்பிக்காக இல்லை என்பதும் நான் வளர்ந்து, என் பெயரில் இருக்கும் அந்தக் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மெதுவாக விளங்கின. அவள் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிந்த ஒரே பிள்ளை நான். நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தவள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்ட இடம் நான்தான். அதையும் நான் விலை அட்டை மாட்டி மூடிவிட்டேன்.

ரிசல்ட் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் எனக்கும் முழங்கால் உறை தைக்கச் சொன்னாள். எட்டு மடிப்பு. போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்து காட்டினேன். அடுத்த நாள் வேண்டுமென்றே வாசல்படியில் தடுக்கி விழுந்து பார்த்தேன். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அவள் என்னைப் பார்த்து, உனக்கென்ன என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.